பெரிய சைஸ், டபுள் தையல்

1

நான் வீட்டில்தான் இருந்தேன். வாசல் கதவுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போன சீட்டில் ‘வந்தோம், நீங்கள் இல்லை’ என்று இருந்தது. மரக்காணத்திலிருந்து பிரான்சில் இருக்கும் துலூஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் இல்லாத நாளில் ஒரு பார்சல்கூட வந்ததில்லை. இருக்கிற நாளாகப் பார்த்து வந்து, நான் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும்.

சீட்டை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். அங்கே என் பெயர் தேவராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்ட நாளிலிருந்து இந்த நாட்டுக்கு நான் மிஸ்யே கன்னியப்பன்தான். மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி அதிக தூரம் போகாத மனுஷன் என் அப்பா. அவர் பெயரை ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் மூக்கால் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். என் மகளும் கன்னியப்பன்தான். ஒரே பெயரில் வீட்டில் இத்தனை பேரா என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

கையெழுத்துப் போட்டு வாங்கியது ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் மலை ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு முதுகுப்பை. எடை அறுநூற்று முப்பது கிராம். அந்த அறுநூற்று முப்பது கிராமுக்காகத்தான் ஆறு மாதமாக ஒரு கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் மூன்று பக்கக் கடிதமும் இருந்தது. தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு பஸ் ஏறாமல், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். ஏன் நடந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் பையைப் பற்றிச் சொல்லாமல் கடிதத்துக்குப் போக முடியாது.

2

இங்கே மலை ஏறுகிறவர்களில் எடை குறைக்கிற கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. தோளில் எவ்வளவு குறைவாகச் சுமக்கலாம் என்பதுதான் அவர்களுக்கு எப்போதும் பேச்சு. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிடுவார்கள். சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரித்து எறிவார்கள். பை மட்டும் சாதாரணப் பையின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும், விலை மூன்று மடங்கு இருக்கும். கொடுப்பது குறையக் குறைய வாங்குவது கூடுகிற வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் மகள் கயல் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். சமையலறைத் தராசை எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டாள். ஸ்பூன், சாக்ஸ், சோப்பு எல்லாவற்றையும் நிறுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். என் மனைவி செல்வி கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். செல்வி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊறுகாயைத் திருப்பிக் கொடுத்தது மகள், கோபம் என் மேல்.

கயலுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. படிப்பு முடிந்து செப்டம்பரில் லியோனில் வேலைக்குச் சேர வேண்டும். நடுவில் கிடைத்த கோடையில் பிரனீஸ் மலைத்தொடரை மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை நடந்தே கடப்பது என்று முடிவு செய்திருந்தாள். ஆறு வாரம், தனியாக. பதினெட்டு வயதிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்துவிட்டால் ஆறு வாரம் சேர்ந்தாற்போல லீவு யார் கொடுப்பார்கள்? அவளுக்கு இருந்தது அந்த ஒரு கோடைதான்.

நான் வேண்டாம் என்றேன். கரடி இருக்கும், மழை பெய்யும், பெண் பிள்ளை என்று வரிசையாகச் சொன்னேன். அவள் என்னோடு தமிழில் பேசுவது சாப்பாடு, சாவி, வைஃபை பற்றி மட்டும்தான். முக்கியமான பேச்செல்லாம் அம்மாவோடு பிரெஞ்சில், எனக்குப் பிடிபடாத வேகத்தில் நடக்கும். செல்வியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. நான் இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் பெரிய டாக்டரை ஒருமையில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். இப்படி எல்லாம் என்னைத் தாண்டி முடிவாகிப் போன பிறகு, பையை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். நான் இல்லாத இடத்தில் அவள் முதுகில் இருப்பதாவது நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் போனில் படத்தைக் காட்டி, “அப்பா, ஸ்மால் போடு. ஹைட்ட பாக்காத. முதுக அளந்துட்டேன், ஸ்மால்தான்” என்றாள்.

நான் மீடியம் போட்டேன்.

படிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. நம்மில் யார் பிள்ளைக்குச் சரியான அளவில் எதை வாங்கியிருக்கிறோம்? யூனிபார்ம் எடுத்தால் முட்டிக்குக் கீழே இறங்கும், ஷூ வாங்கினால் முன்னால் பஞ்சு வைப்போம். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்பது நம் ரத்தத்தில் ஊறிப்போனது. தவிர, அவள் ஐந்தடி ஏழங்குலம். அவ்வளவு உயரப் பெண்ணுக்கு ஸ்மாலா என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு நீளம் காலில், முதுகு சின்னது என்பதைப் பெற்ற நானே கவனித்ததில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் எப்படி அளக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தான். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை அளக்க வேண்டுமாம். ஒரு பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அதைத் தள்ளிவிட்டேன்.

பை வந்ததும் மாட்டிப் பார்த்தாள். இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினாள், அது கீழே நழுவி இறங்கியது. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். மாற்ற முடியுமா என்று கேட்டாள். கொஞ்சம் லூஸாக இருந்தால் நல்லதுதான், உள்ளே ஸ்வெட்டர் போடலாம் என்றேன். “சரிப்பா” என்றாள்.

3

ஏப்ரலில் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். பாரம் தூக்கிப் பழக வேண்டும் என்று கயல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மரக்காணத்தில் அப்போது உப்பு வாரும் காலம். என் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிறது, இன்னும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறாள். விடிந்ததும் வெயிலுக்கு முன் கயலும் அவளோடு கிளம்பிவிடுவாள். பையில் பத்துக் கிலோ உப்பை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போட்டுக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். அக்காவோடு வேலை செய்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கூலி இல்லாமல் உப்புச் சுமக்கிற ஒருத்தியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பாரிஸ் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். துலூஸ் பாரிஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“தேவா, அந்தப் பை பாப்பா மேல உக்காரலடா. இடுப்புப் பட்டை பாரு, பின்னாடி தொங்குது. எல்லாப் பாரமும் தோள்பட்டையிலதான் நிக்குது.”

தலையில் சுமக்கிற உனக்கு முதுகுப்பையைப் பற்றி என்னக்கா தெரியும் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கயல் மறுநாள் பெருமுக்கல் மலைக்குப் பையோடு ஏறி இறங்கினாள். திரும்பி வந்தபோது இரண்டு தோளிலும் சிவப்பாகத் தடம் இருந்தது. எனக்கு அந்தத் தடம் வேறு கதையைச் சொன்னது. தோள்பட்டை வார் இவ்வளவு பாரத்தை இழுக்கிறது, தாள் மாதிரி மெல்லிய இந்தப் பையில் போட்ட தையல் எத்தனை நாள் தாங்கும் என்று பயம் பிடித்துக்கொண்டது.

இந்தப் பயம் எனக்குச் சும்மா வந்ததில்லை. பத்தாவது முடித்த கோடையில் நானும் உப்பு லோடு ஏற்றப் போனேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏற வேண்டும். ஒரு நாள் பாதிப் பலகையில் இருக்கும்போது மூட்டையின் பக்கத் தையல் விட்டுவிட்டது. வெயிலில் வெடித்திருந்த கழுத்திலும் முதுகிலும் உப்பு கொட்டியது. அந்த எரிச்சலைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. கத்திக்கொண்டே பலகையிலிருந்து விழுந்தேன். மேஸ்திரி வந்து, கோணி ஊசி எவன் பிடிச்சது, ஒத்தத் தையல் போட்டானா என்று சத்தம் போட்டார். ஊசி பிடித்தது நான்தான். உப்புக் காற்று நூலை அரித்துவிடும், அதனால் மூட்டையை இரண்டு தரம் தைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் ஒரு தரம்தான் தைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஒற்றைத் தையலில் இருக்கக் கூடாது. புதுச் செருப்பு வாங்கினால் போடுவதற்கு முன் சுற்றித் தைத்து வாங்கிவிடுவேன். கயலின் முதல் ஸ்கூல் பையை துலூஸில் என் கையாலேயே கோணி ஊசி போட்டு இறுக்கினேன். நம் ஊரில் இது என் ஒருவனுடைய கிறுக்கு இல்லை. புதுப் பை வாங்கினால் நேராகத் தையல்காரரிடம் கொண்டு போகிறவர்கள்தான் நாம். கம்பெனிக்காரன் போட்ட தையலை நாம் எப்போது நம்பியிருக்கிறோம்?

4

கயலும் செல்வியும் இரண்டு நாள் புதுச்சேரியில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். பை அக்கா வீட்டில் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கோட்டக்குப்பத்தில் இறங்கினேன்.

அங்கே ஜமால் பாய் என்று ஒருவர் இருக்கிறார். வளைகுடாவுக்குப் போகிற ஆட்களின் பெட்டிக்கும் பைக்கும் விமானம் ஏறுமுன் கூடுதல் தையல் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். அவர் தைத்த பை பிய்ந்து வந்ததாக ஊரில் பேச்சே இல்லை. பையைக் கையில் வாங்கியவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“யாருக்குங்க, சபர் போறவங்களுக்கா?”

வெளிநாட்டுப் பயணம் இல்லை, என் மகள் மலைக்குப் போகிறாள் என்றேன். எல்லா இணைப்பிலும் டபுள் தையல் வேண்டும், தோள் வாரில் மூன்று வரிசை வேண்டும் என்றும் சொன்னேன். அவர் மெஷினில் வைக்காமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது துணி இல்லீங்களே. துணின்னா ஊசி போன எடத்த நூல் மூடிக்கும். இது தாளு மாதிரி இருக்குது, போட்ட ஓட்டை ஓட்டையாவே நிக்கும். உள்ள பாருங்க, தண்ணி வரக்கூடாதுன்னு டேப் ஒட்டியிருக்கான். அது மேலயே ஊசி விடச் சொல்றீங்க.”

“பாய், இருபது வருசமா ஃபாரின்ல இருக்கேன். எனக்குத் தெரியாதா? நீங்க தைங்க.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதே காது சூடாகிறது. ஆஸ்பத்திரியில் போர்வை எண்ணுகிறவன் நான். எனக்கு அந்தப் பையின் சரக்கைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஊருக்குப் போய் இறங்கியதும் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பாய் நூல் பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிற நூல் இல்லை, சிவப்புதான் இருக்கிறது என்றார். சிவப்பே போடுங்கள் என்றேன். ஒரு மணி நேரம் மெஷின் ஓடியது. கொடுக்கும்போது, மழை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கயல் திரும்பி வந்ததும் பையை நீட்டினேன். சாம்பல் பையைச் சுற்றிச் சிவப்புக் கோடு பளிச்சென்று ஓடியது. அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, ஒரு முனையில் தொடங்கி முழுவதும் தடவிக்கொண்டே போனாள்.

“எல்லாத்தையுமா தைச்சிட்ட?”

“எல்லாத்தையும்” என்றேன்.

பையை மடித்துக்கொண்டே, “தேங்க்ஸ்ப்பா” என்றாள். அந்த வருடத்தில் நான் அடைந்த பெரிய சந்தோஷம் அதுதான். அக்காவிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

5

ஜூலை முதல் வாரம் கிளம்பினாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டு வாசலில் நின்றாள். ஆறு வாரம் எங்கே, ஒன்பது நாள் எங்கே. கையில் கருப்புக் குப்பைக் கவர் ஒன்றில் சாமான்கள் இருந்தன. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்ன ஆயிற்று என்றால் முட்டி வலி என்றாள். பை எங்கே என்று கேட்டேன். நனைந்துவிட்டது, கீழே நிலவறையில் காயப் போட்டிருக்கிறேன் என்றாள். பை தாங்கியதா என்றேன். நல்லாதான் இருந்துச்சு என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து வருடமாகப் பேசிய பேச்சு, நிறுத்துப் பார்த்த ஸ்பூன், திருப்பிக் கொடுத்த ஊறுகாய் எல்லாம் ஒன்பது நாளுக்கா? வாயைத் திறந்தேன். அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைப்பதில் அர்த்தம் இல்லை.

“உன் அத்தை இந்த வயசுல நாள் பூரா சுமக்கறா. அவளுக்கு முட்டி இல்லையா? ஒரு பையத் தூக்கிக்கிட்டு நடக்கத் தெரியல உனக்கு. இங்க வளந்த புள்ளைங்களே இப்படித்தான்.”

செல்வி என்னை முறைத்தாள். கயல் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாம்ப்பா, என்னால முடியல” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். மீதிக் கோடை முழுக்க வீட்டில்தான் இருந்தாள். செப்டம்பரில் லியோனுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடியும்.

6

அக்டோபரில் ஒரு பெட்டியை எடுக்க நிலவறைக்குப் போனபோது, அலமாரிக்குப் பின்னால் பை சுருண்டு கிடந்தது. விரித்துப் பார்த்தேன். இடது தோள் வார் மேல் இணைப்பிலிருந்து பிய்ந்து தொங்கியது. அவள் நல்லாதான் இருந்துச்சு என்றாளே என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று வரிசை தைத்தும் பிய்கிறது என்றால், தைக்காமல் விட்டிருந்தால் முதல் நாளே போயிருக்கும் அல்லவா?

கயலிடம் சொல்லாமல் புதுப் பை வாங்கிக் கொடுத்து அசத்துவது என்று கம்பெனிக்கு எழுதினேன். பெயர் சொல்ல விருப்பமில்லை, வடக்கே எங்கோ இருக்கும் சின்னக் கம்பெனி. முதலில் ரசீது கேட்டார்கள். அனுப்பினேன். மூன்று கோணத்தில் படம் கேட்டார்கள். பிய்ந்த இடத்தை மட்டும் மூன்று கோணத்திலும் எடுத்து அனுப்பினேன். பையை உபயோகித்தவர் வேறு ஆள் என்றால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். நானும் கன்னியப்பன்தான், அவளும் கன்னியப்பன்தான், இதில் வேறு ஆள் எங்கே வந்தது என்று எழுதினேன். அதற்குப் பதில் வர ஐந்து வாரம் ஆனது. படிவம் மாறிவிட்டது, மறுபடி நிரப்பி அனுப்பவும் என்றார்கள்.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் தமிழில் திட்டி, பிரெஞ்சில் அனுப்பினேன். இந்த நாட்டில் கடிதத்தில் எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசி வரியில் ‘என் மேலான மரியாதையின் உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்’ என்று முடிக்க வேண்டும். உங்கள் பை குப்பை, நீங்கள் என் மகளின் ஐந்து வருட ஆசையைக் கெடுத்தீர்கள், என் மேலான மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான்கு கடிதம் எழுதினேன். கடைசியில் பையையே அனுப்பச் சொன்னார்கள். பிப்ரவரியில் அனுப்பினேன். போன செவ்வாய்க்கிழமை அதுதான் திரும்பி வந்தது.

7

முதல் பக்கம் தெளிவாக இருந்தது. வாங்கிய பிறகு போட்ட தையலின் ஊசித் துளைகள் நெருக்கமாக வரிசையாக இருப்பதால், தபால்தலைத் தாள் கிழிவதுபோல அந்த வரிசையிலேயே கிழிந்திருக்கிறது. அதே துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இடுப்புப் பட்டையின் தேய்மானத்தைப் பார்த்தால் பை அணிந்தவருக்கு அளவு பெரிது, அதனால் பாரம் முழுக்கத் தோள் வாரில் விழுந்திருக்கிறது. ஆகவே உத்தரவாதம் செல்லாது. அக்கா சொன்னதும் பாய் சொன்னதும் ஒரே பக்கத்தில் பிரெஞ்சில் இருந்தது.

இரண்டாம் பக்கத்தில், திரு. கன்னியப்பன், இதே எண் உள்ள பைக்கு உங்கள் பெயரில் ஆகஸ்டில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் வந்து பதிலும் கொடுத்துவிட்டோம், நினைவுக்காக அதன் நகலை இணைத்திருக்கிறோம் என்று இருந்தது. மூன்றாம் பக்கம் அந்த நகல். கயல் எழுதியது.

எட்டாம் நாள் கணவாய்க்கு மேலே புயல் மழை பிடித்தது, வார் பிய்ந்தது, தூங்கும் பை முழுக்க நனைந்துவிட்டது, உடம்பு விறைத்துப்போய், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள்தான் கீழே கூட்டி வந்தார்கள் என்று எழுதியிருந்தாள். ஊசித் துளைகளை உள்ளேயிருந்து பசை தடவி அடைத்துப் பார்த்ததாகவும், அது போதவில்லை என்றும் எழுதியிருந்தாள். பிறகு இந்த வரிகள்: ‘தைத்தது என் அப்பா. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் தைத்தார். நான் புதுப் பை கேட்கவில்லை. அந்தச் சிவப்புத் தையலைப் பிரிக்காமல் வாரைச் சரிசெய்து தர முடியுமா? பிரித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.’

முடியாது, தையலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று இரண்டு வரியில் பதில் கொடுத்திருந்தார்கள்.

இதனால்தான் நடந்தேன். பஸ்ஸில் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து அழ வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து செல்வியிடம் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா” என்றாள். விசாரித்தால் மரக்காணத்தில் அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு நாட்டிலும் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

நேற்று சனிக்கிழமை கயல் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் பையையும் கடிதத்தையும் வைத்திருந்தேன். பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். எதையாவது சொல்லி அவள் பேச்சை மாற்றுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தைக்க வேணாம்னு பாய் சொன்னாரு கயல். நான்தான் கேக்கல. உன்னைத் திட்டினதும் தப்பு.”

“விடுப்பா” என்றாள்.

என்னால் விட முடியவில்லை. ஆறு மாதம் கம்பெனியைக் குடைந்த வேகத்தில் அவளையும் குடைந்தேன். கீழே இறங்கிய ஊரில் கடை இருந்திருக்கும் அல்லவா, வேறு பை வாங்கிக்கொண்டு மேலே நடந்திருக்கலாமே, மீதி ஐந்து வாரத்தை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“கடைக்குப் போனேன். ஒரு பையக் கையில எடுத்தேன். அப்புறம் வெச்சிட்டேன்.”

“ஏன்?”

“வேற பையோட வீட்டுக்கு வந்தா நீ பாத்துடுவ இல்ல.”

இந்தப் பெண் என்னை விட்டு விலகிப் போய்விட்டாள் என்று எத்தனை பேரிடம் போனில் புலம்பியிருக்கிறேன். ஐந்து வருட ஆசையை ஒரு கடை வாசலில் வைத்துவிட்டு, முட்டி வலி என்ற பெயரில் என் வசவையும் வாங்கிக்கொண்டு, எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். கோபப்படுவதற்கு வேறு ஆள் யாரும் மிச்சமில்லை, என்னைத் தவிர.

இன்று காலை சாப்பாட்டின்போது அவளே சொன்னாள். இந்த ஜூலையில் இரண்டு வாரம் லீவு கிடைக்கிறதாம். விட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடக்கப் போகிறாளாம். நான் எழுந்து போய் செல்வியின் தையல் டப்பாவிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். திரும்பி நில் என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பி நின்று தலையைக் குனிந்தாள். கழுத்தடியில் அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்து டேப்பின் முனையை வைத்தேன். அங்கிருந்து முதுகெலும்போடு இறக்கி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பிடித்தேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் அளந்தேன். அப்போதும் நாற்பத்திரண்டுதான்.

கம்பெனியின் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் போட்டேன். ஸ்மால் என்று வந்தது. போன வருடம் அவள் முதல் நாளே சொன்ன அளவு.